சிவக்காத குடுவை

"அதை மட்டும் தொடாதீங்க" என்றார் அந்த அம்மா. சொல்லி முடிப்பதற்குள் நான் தொட்டுவிட்டிருந்தேன். என் கைக்கு எப்போதும் காதைவிட வேகம் அதிகம்.

மேடம் ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சமையலறை ஜன்னல் விளிம்பில், நல்ல வெயிலில், அடி அகன்று கழுத்து குறுகிய ஒரு கண்ணாடிக் குடுவை. வாயில் அடைப்பு, அடைப்பின் மேல் தொப்பி போல அலுமினியத் தாள். உள்ளே பச்சைத் தண்ணீர். தேங்கிய குட்டையின் பச்சை இல்லை. நட்டுப் பத்து நாளான பயிரின் பச்சை.

"பாசி" என்றார் அந்த அம்மா. "ஒண்ணொண்ணும் கண்ணுக்கே தெரியாதாம். பையன் வேலை பாத்த எடத்துல இதைத்தான் வளக்கிறாங்க. வீட்டை விட்டுப் போற அன்னிக்கு இங்க வெச்சான். 'அம்மா, இது பச்சையா இருக்கற வரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு நெனச்சுக்கோ'ன்னான். எட்டு மாசம் ஆச்சு. ஒரு போன் இல்ல. ஆனா நீங்களே பாருங்க."

"தண்ணி கிண்ணி ஊத்துவீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"தாளைக்கூடத் தொறந்ததில்ல. தொறந்தா தூசி விழுந்துடும்னான். காலையில ஒரு சுத்து சுத்தி வைப்பேன், அவ்வளவுதான்."

"பச்சையாத்தானே இருக்கு? அப்ப பையன் நல்லா இருக்கான். எங்களுக்கு இங்க என்னம்மா வேலை?" என்றேன் நான். பேச வேண்டாத இடத்தில் பேசுவது எனக்குக் கைவந்த கலை.

அந்த அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இது மங்கும். லேசா மஞ்சள் தட்டும். எனக்கு உசுரே போயிடும். மத்தியானம் மாத்திரையைப் போட்டுட்டுப் படுப்பேன். எழுந்து வந்து பாத்தா மறுபடி பச்சை. அவன் வர்றான் சார். நான் தூங்கற நேரமாப் பாத்து வந்து, இதைக் கவனிச்சுட்டு, என்னைப் பாக்காமப் போயிடறான். அப்பா மேல கோபம், சரி. நான் என்ன பண்ணினேன்? எதுக்கு என் மூஞ்சியில முழிக்காமப் போறான்னு அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. என் நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்ணினப்பகூட வரலையே அவன்."

கழுத்துக்குக் கீழே, சேலைக்கு மேலே, அந்தத் தழும்பின் நுனி தெரிந்தது.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடத்துக்கு நாற்பது வயது, துப்பறிவது அவர் தொழில். எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்குக் குடை பிடிப்பது என் தொழில். அதற்கு முன் இருபது வருஷம் பஸ் கண்டக்டர். கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால் டிப்போவில் 'மைக்' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. மேடம் மட்டும் 'அண்ணே' என்பார். அதில் எனக்கு ரகசியமாகப் பெருமை உண்டு.

அப்பாவைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டின் முன்னறைதான் அவருடைய தையல் கடை. சட்டையின் மார்பில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. மெஷினிலிருந்து தலையை எடுக்காமலே பேசினார்.

"நான்தான் விரட்டினேன்னு சொல்லியிருப்பாளே. உண்மைதாங்க. 'பாசி கழுவற வேலை ஒரு வேலையா, கடையில உக்காருடா'ன்னேன். கோவிச்சுக்கிட்டு கடலோரத்துல வேற கம்பெனிக்குப் போயிட்டான். அன்னியிலேர்ந்து அவ என்னோட பேசறதில்ல."

"எட்டு மாசமாவா?" என்றேன். "ஒரே வீட்டுலயா? எங்க வீட்டுல எட்டு நிமிஷம் அப்படி இருந்தா நான் கேக் வெட்டுவேன்."

அவர் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் பேன்ட்டின் ஓரம் பிரிந்து, நூல் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நேரா நில்லுங்க."

"பரவாயில்லைங்க, வேலையா வந்திருக்கோம்..."

"பிரிஞ்ச ஓரத்தைப் பாத்தா எனக்குக் கை நிக்காதுங்க."

மார்பிலிருந்த ஊசியை எடுத்து என் காலடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். விசாரிக்கப் போன இடத்தில், விசாரிக்கப்பட வேண்டியவர் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் இவ்வளவு மரியாதை எனக்கு எந்தப் பயணியும் தந்ததில்லை. மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் "தெரியாதுங்க" என்றே பதில் வந்தது. ஊசி மட்டும் நிற்கவில்லை.

கிளம்பும்போது மேடம் குடுவையைக் கேட்டார். பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் போல அந்த அம்மா தயங்கினார்.

"நாலு மணிக்குள்ள கொண்டு வந்துடுவீங்களா? நான் எழுந்ததும் அதைத்தான் பாப்பேன்."

"நாலு மணிக்கு உங்க கையில இருக்கும்" என்றார் மேடம்.

மூன்று பஸ் மாறினோம். குடுவையை மடியில் வைத்துக்கொண்டு நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன ஜூஸ் சார் அது, உடம்புக்கு நல்லதா?" என்றார். "சர்க்கரை போடல, வேணுமா?" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் சீட் மாறிக்கொண்டார்.

பாசி வளர்க்கும் இடம் ஊருக்கு வெளியே இருந்தது. பெரிய கொட்டகை, உள்ளே ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள் வரிசை வரிசையாக. முதல் வரிசைகளில் பச்சைத் தண்ணீர் ஓடியது. கடைசி வரிசைகளில் ஓடியதைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டேன். ரத்தச் சிவப்பு.

"பயப்படாதீங்க, ரெண்டும் ஒரே பாசிதான்" என்றபடி ரப்பர் பூட்ஸோடு வந்தார் ஒரு பெண். விரல் நுனியெல்லாம் ஆரஞ்சுக் கறை. பாசியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். எல்லோரும் அவரை 'பாசியக்கா' என்றார்கள். பையனின் பேச்சை எடுத்ததும் முகம் மலர்ந்தது. "எப்படி இருக்கான்? கையில நல்ல வேலை உள்ள பையன். அங்க போனதுலேர்ந்து ஒரு போன் கிடையாது, ராஸ்கல்."

மேடம் குடுவையை நீட்டினார். "இதை ஜன்னல்ல வெயில் படற மாதிரி வெச்சிருந்தா என்ன ஆகும்?"

"செவந்துடும். இது ஒத்தை செல் மேடம். தீனி இருந்து, வெளிச்சம் இதமா இருந்தா பச்சையா நீந்திட்டுக் கெடக்கும். வெயில் தாங்க முடியாமப் போச்சுன்னா, தீனி தீந்துபோச்சுன்னா, நீந்தறதை நிறுத்திடும். உருண்டையாகி, சுத்தி கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கும். உள்ள ஒரு சிவப்பு நிறமியைத் தயார் பண்ணிக் குடை மாதிரி விரிச்சுக்கும், வெயில் உள்ள போய்ச் சுட்டுடாம இருக்க. அந்தச் சிவப்புக்குத்தான் நாங்க இதை வளக்கறதே. மாத்திரைக்குப் போகுது, மீன் தீவனத்துக்குப் போகுது."

"அப்ப செவந்தா செத்துப்போச்சுன்னு இல்லையா?" என்றேன்.

"யார் சொன்னது? செவந்தா பொழைக்கப் பாக்குதுன்னு அர்த்தம். புதுத் தண்ணி, தீனி குடுத்தா சில நாள்ல மறுபடி பச்சையாயிடும்."

"இது எட்டு மாசமா ஜன்னல்ல இருக்காம். யாரும் எதுவும் ஊத்தலையாம்" என்றார் மேடம்.

பாசியக்கா சிரித்தார். "எட்டு மாசமா? இருபது நாள் தாங்காது. தண்ணி வத்த வத்தக் கண்ணாடியில செவப்பா வளையம் வளையமாக் கறை விழுந்திருக்கும். இதுல ஒரு கீறல் கறை இல்ல பாருங்க. போன வாரம் ஊத்தினது இது." சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா அம்மாகிட்ட 'பச்சையா இருக்கற வரைக்கும்'னு சொன்னானா? இருபது நாள்ல செவந்துடும்னு அவனுக்குத் தெரியாதா என்ன? அதுக்குள்ள திரும்பி வந்துடலாம்னு நெனச்சிருப்பான்."

மேடம் அலுமினியத் தாளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கீழே பஞ்சு அடைப்பு, பஞ்சைச் சுற்றி வலை போன்ற வெள்ளைக் கட்டுத்துணி. பாசியக்கா அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இது எங்க அடைப்பு இல்ல. நாங்க துணியைக் கையால பர்ருனு கிழிப்போம், பஞ்சை வெச்சுச் சுருட்டுவோம், முடிஞ்சது. இதைப் பாருங்க, நாலு பக்கமும் ஓரத்தை மடிச்சுத் தைச்சிருக்கு! யாருக்குங்க இவ்வளவு பொறுமை?"

மேடம் துணியை விரலால் தடவினார். பிறகு சட்டென்று என் காலடியில் குந்தினார்.

"அண்ணே, வலது காலை முன்னால வைங்க."

"மேடம், இன்னிக்கு ரெண்டாவது ஆள். நான் என்ன சாமியாரா?"

அவர் பேன்ட் ஓரத்தைத் திருப்பினார். குடுவைத் துணியைப் பக்கத்தில் வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். அரிசி முனை அளவு சாய்ந்த தையல். நாலு தையலுக்கு ஒரு தடவை பின்னால் போய் ஒரு முடிச்சு, மறுபடி நாலு தையல். இரண்டிலும் அதே நாலு, அதே முடிச்சு, அதே கை. துப்பை என் காலிலேயே கட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன், மடியிலிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டே.

"இங்க யாராவது வந்து பாசி வாங்கிட்டுப் போறாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய் ஒருத்தர் பாட்டில் கொண்டு வருவாரு. அதிகம் பேசமாட்டாரு. 'வீட்டுல பாக்க ஆசைப்படறாங்க'ம்பாரு. சட்டையில எப்பவும் ஒரு ஊசி குத்தியிருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கேஸ் முடிஞ்சுது மேடம். பையன் வரல, அப்பாதான் மாத்தறாரு. பொண்டாட்டி பயப்படாம இருக்கட்டும்னு. நல்ல மனுஷன். பையனை நாம தேடிப் பிடிச்சுட்டா..."

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பையன் எங்கயோ போயிட்டான். நல்லா இருக்கானான்னு இந்தக் குடுவை சொல்லும்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"அந்த அம்மா அதைத்தான் பண்றாங்க. அப்பா ஒரு தடவைகூட அதைப் பாத்துட்டு உக்காரல. எட்டு மாசமா மாத்திக்கிட்டே இருக்காரு. தெரியாதவங்கதான் அண்ணே பாப்பாங்க. அவருக்குத் தெரியும்."

மீதி இரண்டு பஸ்ஸிலும் குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றரைக்குக் கடைக்குள் நுழைந்தோம். மேடம் குடுவையைத் துணி வெட்டும் மேஜையில் வைத்துவிட்டு, என் காலைக் காட்டினார். தையல்காரர் துணியைப் பார்த்தார், என் பேன்ட்டைப் பார்த்தார். மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"கிழிசலா விட மனசு வரலைங்க" என்றார். "ஆஸ்பத்திரியில அவளுக்குக் கட்டுப் போட்டது போக மீதி துணி அது."

"எப்ப நடந்துச்சு?" என்றார் மேடம் மெதுவாக.

"ஆபரேஷன் அன்னிக்கே." அவர் பின்னறையைப் பார்த்துக்கொண்டு ரகசியக் குரலில் பேசினார். "அதுக்கு மொத நாள் நான்தான் போன் பண்ணினேன். 'அம்மாவுக்கு முடியலடா, வா'ன்னேன். 'இதோ கிளம்பிட்டேம்ப்பா'ன்னான். அவ்வளவு சண்டைக்கு அப்புறம் அப்பான்னு கூப்பிட்டான். வழியில பஸ் கவுந்துடுச்சு. நான் தைக்கிற சட்டைக் காலர்ல கடை நம்பர் இருக்கும். அதைப் பாத்துத்தான் போலீஸ் என்னைக் கூப்பிட்டாங்க. அவ உள்ள ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தா. அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ தங்கச்சியைப் பாத்துக்கச் சொல்லிட்டு, தனியாப் போய் அடக்கம் பண்ணிட்டு, துணி எடுக்கப் போனேன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்தா, ஜன்னல்ல குடுவை செவக்க ஆரம்பிச்சிருக்கு. அதையே பாத்துக்கிட்டு நடுங்கிட்டு உக்காந்திருக்கா. தையல் போட்ட நெஞ்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பட்டன் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குடுவையை எடுத்தார். பாதிக்கு மேல் வற்றியிருந்தது. கண்ணாடி முழுக்க வளையம் வளையமாகச் சிவப்பு. அடியிலும் அடர்ந்த சிவப்பு.

"இதுதான் அவன் வெச்சது. கொட்ட மனசு வரல."

"உங்களோட பேசறதே இல்லையே அவங்க. அதைக்கூடத் தாங்கிட்டு..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் என்று பெயர்.

"என் மேல கோவம் இருக்கற வரைக்கும் அவளுக்கு அவன் உசுரோட இருக்கான் சார். இருந்துட்டுப் போகட்டுமே."

"நாங்க சொல்லமாட்டோம்" என்றார் மேடம். "நீங்கதான் சொல்லணும். அவங்க தெனமும் தூங்கி எழுந்து, புள்ளை தன்னைப் பாக்காமப் போயிட்டான்னு அழறாங்க. அது இதைவிடக் கொடுமை ஐயா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெஷினை வெறுமனே மிதிக்கத் தொடங்கினார். அப்போதுதான் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மேடம் பச்சைக் குடுவையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு விரைந்தார், நான் பின்னால் ஓடினேன்.

"வந்துடுச்சா?" அந்த அம்மா தூக்கக் கலக்கத்தோடு வந்து இரண்டு கையாலும் குடுவையை வாங்கிக்கொண்டார். "அவனைப் பாத்தீங்களா?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் எனக்கு உறைத்தது. அலுமினியத் தாள் என் பாக்கெட்டில் கசங்கிக் கிடந்தது. அதைத் திரும்ப மூடாதது நான். என் வேலை அது ஒன்றுதான்.

அந்த அம்மாவின் கட்டைவிரல் துணி ஓரத்தில் போய் நின்றது. ஒரு தடவை தடவியது. மறுபடி தடவியது. முப்பது வருஷம் அந்தக் கை தைத்ததைத்தான் அவர் உடுத்தியிருக்கிறார். அவருக்கு என் பேன்ட் தேவைப்படவில்லை. மெஷின் சத்தம் வந்த முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குடுவையை ஜன்னலில் வைத்தார்.

"ஏங்க" என்று கூப்பிட்டார்.

முன்னறையில் மெஷின் நின்றது. எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத வார்த்தை. அவர் சிவப்புக் குடுவையைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"எங்க வெச்சிருக்கீங்க என் புள்ளைய?"

அவர் சொன்னார். கடலுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மரத்தடியில், சுத்தமான இடம் என்றார். எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார் அந்த அம்மா. நீலச் சட்டை, நீ பட்டன் மாத்தி வெச்சது என்றார் அவர். அந்த அம்மா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆபரேஷனுக்குக்கூட வரலைன்னு திட்டினேனே அவனை. தெனம் திட்டினேனே."

"வந்துட்டிருந்தாம்மா" என்று உடைந்தார் அவர். "வந்துட்டேதான் இருந்தான்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்துப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார்.

அந்த அம்மா அதை வாங்கி என்னிடம் நீட்டினார். "கண்ணாடி இல்ல எனக்கு. நீங்க சொல்லுங்க சார். இந்த ஊருக்குத்தானா?"

லட்சம் டிக்கெட் கிழித்திருப்பேன். அந்த ஒன்றைப் படிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. ஓரத்தில் மங்கிய கறை இருந்தது, எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

"இந்த ஊருக்குத்தாம்மா" என்றேன். "கடைசி ஸ்டாப் வரைக்கும் எடுத்திருக்கான்."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேடம், அந்தச் சிவப்புக் குடுவை செத்துப்போகவில்லை என்று சொன்னார். வெயில் தாங்காமல், தீனி இல்லாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தச் சிவப்பைத் தயாரித்துக்கொண்டது என்றார். புதுத் தண்ணீர் ஊற்றினால் பச்சையாகும் என்றார்.

"பாசிக்குக்கூட அப்படி ஒண்ணு குடுத்து வெச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. "என் புள்ளைக்கு இல்லாமப் போச்சே."

அவர் சிவப்புக் குடுவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தாளை எடுத்தார். உள்ளே இருந்தது பையன் சுருட்டி வைத்த அடைப்பு. கையால் கிழித்த துணி, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு ஓட, அவருடைய கை தானாக மார்புச் சட்டைக்குப் போய் ஊசியை உருவியது.

அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க. அவன் கிழிச்சது. அப்படியே இருக்கட்டும்."